பழைய பிக்கப் வண்டியின் தகட்டு வில் புஷ்களும் சக்கிள் புஷ்களும் – அவற்றை மாற்றும் முறை

மரக்கறி செய்யும் கமக்காரரின் வேலை அறுவடையுடன் முடிவதில்லை. விளைபொருள் பழுதின்றிச் சந்தையை அடைந்த பின்னரே முடிகிறது. தம்புள்ளையிலும் நுவரெலியாவிலும் இரவில் ஏற்றப்படும் சுமை, விடியுமுன் பேலியகொடையை அடைதல் வேண்டும். 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாற்றப்பட்ட மெனிங் சந்தையிலிருந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் கடைகளுக்கு மரக்கறி பிரிந்து செல்கிறது. வழியில் அடிபட்டு நசுங்கிய தக்காளிக்கும் போஞ்சிக்கும் அங்கே நல்ல விலை கிடைப்பதில்லை.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆதலால் பதினைந்து, இருபது ஆண்டு பழைமையான பிக்கப் வண்டிகள் பல இன்றும் சுமை ஏற்றி ஓடுகின்றன. இவற்றில் எஞ்சினைக் கவனிப்போர் பலர். வில்லைக் கவனிப்போர் சிலரே.

புஷ்ஷின் வேலை

பிக்கப் வண்டியின் பின்புறத்தைத் தாங்குவது, உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில்லாகும். முதன்மைத் தகட்டின் இரு முனைகளும் கண்ணாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன்கண் சட்டத்துடன் நேரே பூட்டப்படுகிறது. பின்கண் சக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பினால் சட்டத்திலிருந்து தொங்குகிறது. சுமை ஏறும்போது வளைந்த வில் தட்டையாகி நீளுகிறது; அந்த நீட்சிக்கு இடங்கொடுத்துச் சக்கிள் ஆடுகிறது.

கண்ணுக்கும் ஆணிக்கும் இடையில் உருக்கும் உருக்கும் உராயாதபடி காப்பது புஷ். சிறு பிக்கப் வண்டிகளில் இது பெரும்பாலும் றப்பரால் ஆனது. பார லொறிகள் பலவற்றில் வெண்கலப் புஷ்ஷும் கிறீஸ் ஏற்றும் முனையும் இருக்கும். றப்பர் தேய்ந்தால் ஆணி கண்ணைத் தின்னத் தொடங்கும். பின்னச்சு தன் இடத்தில் நில்லாது முன்னும் பின்னும் நகரும். பின்னச்சைச் சட்டத்துடன் பிணைத்து வைத்திருப்பது இந்த வில்லே என்பதை மறத்தலாகாது. நிறைசுமையுடன் கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும் வண்டியில் இக்குறை உயிருக்கே ஆபத்தாகும்.

தேய்வின் அறிகுறிகள்

1. குழியில் விழும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்புறத்தில் "டக்" என்ற ஒலி கேட்டல்.
2. நேர்வீதியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தல்; பின்சில்லு ரயர் ஒருபுறமாகத் தேய்தல்.
3. சக்கிளைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிதலும், தகட்டுடன் உராய்ந்த இடம் பளபளத்தலும்.
4. இருபுறமும் முன்சில்லு நடுவிலிருந்து பின்சில்லு நடுவரை அளந்தால், அளவு தெளிவாக வேறுபடுதல்.

ஐயமிருப்பின் சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சக்கிளுக்கும் கண்ணுக்கும் இடையே கடப்பாரையால் மெல்ல நெம்பிப் பார்க்கலாம். ஆணி தளர்ந்து ஆடினால் புஷ்ஷை மாற்ற வேண்டும். அப்பொழுதே தகடுகளில் வெடிப்பு உண்டா எனவும் பார்த்தல் நன்று. வெடித்த தகட்டை ஒட்டவைத்துப் பயன்படுத்தலாகாது.

உதிரிப்பாகம் வாங்குதல்

கொழும்பில் பஞ்சிகாவத்தை, பழையதும் புதியதுமான வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம். அங்கே செல்வோர் வண்டியின் பெயரைமட்டும் சொல்லி வாங்காது, கழற்றிய பழைய புஷ்ஷையும் ஆணியையும் உடன் கொண்டுசெல்வது நலம். கண்ணின் உள்விட்டம், புஷ்ஷின் நீளம், ஆணியின் தடிப்பு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். இருபுறத்துப் புஷ்களையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாயின் வண்டி சாயும். தேய்ந்த ஆணியில் புதுப் புஷ் நிலைக்காது, அதனையும் மாற்றுக. அச்சை வில்லுடன் இறுக்கும் யூ-போல்ட்டுகளும் புதியனவாதல் சிறப்பு.

கழற்றுதல்

முதல்நாள் மாலையிலேயே நட்டுகளில் துருநீக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். மறுநாள் முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்சில்லு நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பின்புறத்தை ஜாக்கினால் உயர்த்துக. வில்லின் முன்கண்ணுக்கு முன்னாலுள்ள சட்டத்தின் கீழ், இருபுறமும் உறுதியான உருக்குத் தாங்கிகளை வைத்து, அவற்றின்மேல் வண்டியை இறக்குக. ஜாக்கைமட்டும் நம்பியோ, செங்கல்லையும் தென்னங்குற்றியையும் அடுக்கியோ வண்டியின்கீழ் நுழைவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

பின்னர் சில்லுகளைக் கழற்றி, அச்சை ஜாக்கினால் தாங்கி, வில் அழுத்தமோ இழுவையோ இன்றி இருக்கும் உயரத்தில் நிறுத்துக. பிரேக் குழாயும் கைப்பிரேக் கம்பியும் இழுபடாதபடி பார்த்துக்கொள்க. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்றுக. மறுபக்கம் அச்சை நிலைநிறுத்தி வைத்திருக்கும். அதிர்ச்சி தாங்கியின் கீழ்முனை, யூ-போல்ட்டுகள், சக்கிள், முன்கண் ஆணி என்ற ஒழுங்கில் கழற்றலாம்.

இரு பாதியான றப்பர் புஷ் நெம்பினால் வெளிவரும். உருக்கு உறையுள்ள புஷ்ஷை அழுத்துபொறியால் தள்ள வேண்டும்; அல்லது உறையை இரும்பறுக்கும் வாளால் கண்ணில் கீறல் விழாது நீளவாக்கில் அறுத்து எடுக்கலாம். றப்பரைத் தீயிட்டு எரிப்பது தவறு. அதன் புகை நஞ்சு. அச்சூடு வில்லின் உரத்தையும் கெடுக்கும்.

பூட்டுதல்

கண்ணைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, துருவை எமரித் தாளால் நீக்குக. றப்பர் புஷ்ஷைச் சவர்க்கார நீர் பூசிச் செலுத்துக. எஞ்சின் எண்ணெயும் கிறீஸும் இயற்கை றப்பரை ஊதச் செய்து கெடுக்குமாதலால் அவற்றைப் பூசலாகாது. வெண்கலப் புஷ்ஷுக்கோ கிறீஸ் இன்றியமையாதது; அதன் துளை கிறீஸ் வழியுடன் நேர்பட வேண்டும்.

முன்கண்ணை முதலிலும் சக்கிளைப் பின்னரும் கோத்து, நட்டுகளைக் கையளவில் மாத்திரம் இறுக்குக. வில்லின் நடு ஆணித்தலை அச்சின் குழியில் சரியாக அமர்ந்தபின் யூ-போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சமமாய் இறுக்குக. சில்லுகளைப் பூட்டி வண்டியைத் தரையில் இறக்கி, வில் தன் சுமையைத் தாங்கி நின்ற பின்னரே கண் ஆணியையும் சக்கிள் நட்டுகளையும் முழுவதும் இறுக்க வேண்டும். வண்டி உயர்ந்திருக்கையில் இறுக்கினால், தரையில் இறங்கியவுடன் றப்பர் முறுக்குண்டு சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். புதுப் புஷ் விரைவில் கெடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஏறக்குறைய 500 கிலோமீற்றர் ஓடியபின் யூ-போல்ட்டுகளை மீண்டும் இறுக்குக.

பேணுதல்

புஷ்ஷின் முதற்பகை மிகைச்சுமை. அதிக சுமைக்கென மேலதிகத் தகடு சேர்ப்போர் உளர். பல பிக்கப் வண்டிகளில் பின்பிரேக்கின் அளவைச் சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள உயரமே நிர்ணயிக்கிறது. தகடு சேர்ந்து பின்புறம் உயர்ந்தால், சுமை குறைவெனக் கொண்டு பின்பிரேக் தளரும். ஆகவே உற்பத்தியாளர் குறித்த அளவுக்குமேல் ஏற்றாது, பாரமான மூட்டைகளைப் பின்னச்சுக்குச் சற்று முன்னே வைத்து, மரக்கறியைச் சாக்கில் திணியாது கூடைகளில் அடுக்குதல் வேண்டும்.

ஒவ்வொரு போகத்தின் அறுவடைக்கும் முன்னர் ஒருமுறை வில்லையும் சக்கிளையும் பார்வையிடுவதற்கு அரைமணி நேரம் போதும். தாங்கியும் தக்க கருவியும் இல்லாதோர் பழுதைமட்டும் கண்டறிந்து, மாற்றும் வேலையைத் தேர்ந்த கராஜில் ஒப்படைப்பதே நன்று.