ஆடிட்டரிடம் போகலாமா, நாமே போடலாமா?



"வருமான வரியா? அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்பா!" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். என் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். 'ஆடிட்டர்' என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. ஆனால் டிப்ளமோ முடித்து அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே இந்த விஷயம் நம் வாசலுக்கு வந்துவிடும்.

எப்படி? சில இடங்களில் நம் ஊதியத்தைச் சம்பளம் என்று காட்டாமல், தொழில்முறைக் கட்டணம் என்று காட்டி 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். இதுதான் டி.டி.எஸ். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 12 லட்சம் ரூபாய் வரை சம்பாதித்தவருக்கே வரி கிடையாது. அப்படியானால் பிடித்த பணம் நமக்குத் திரும்ப வர வேண்டும். அதற்கு ரிட்டர்ன் போட வேண்டும்.

இந்த வேலைக்கு ஆடிட்டர் தேவையா? பஞ்சர் ஒட்ட எஞ்சின் மெக்கானிக் தேவையில்லை. ஒரே கம்பெனிச் சம்பளம், கொஞ்சம் பேங்க் வட்டி என்றால் 'சஹஜ்' என்ற படிவம் போதும். வருமான வரித் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் நாமே போடலாம். பாதி விவரம் அதுவே நிரப்பிக்கொண்டு வரும்.

ஆனால் எஞ்சினே இறங்கிவிட்டால் பஞ்சர் கடை போதாது. நம்ம நசரத்பேட்டைப் பக்கத்தையே பாருங்கள். வெளிவட்டச் சாலை வந்த பிறகு நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. தாத்தா காலத்து மனையை ஒரு குடும்பம் 40 லட்சத்துக்கு 2025-26இல் விற்றதாக வைத்துக்கொள்வோம். 2001 ஏப்ரல் 1 அன்று அதன் மதிப்பு 6 லட்சம். நேரடியாகக் கணக்கிட்டால் லாபம் 34 லட்சம், 12.5 சதவீத வரி 4,25,000 ரூபாய். விலைவாசிக் குறியீட்டை (100 என்பது 376) சேர்த்தால் அடக்க விலை 22.56 லட்சம், லாபம் 17.44 லட்சம்; 20 சதவீத வரி 3,48,800 ரூபாய். செஸ் தனி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்துக்கு இரண்டில் குறைவானதைக் கட்டினால் போதும். வித்தியாசம் 76,200 ரூபாய்! அதுவே விவசாய நிலமாக இருந்தால், நகராட்சி எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பொறுத்து வரியே இல்லாமலும் போகலாம். இங்கே ஆடிட்டருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் செலவே அல்ல.

சரி, யாரிடம் போவது? இங்கேதான் உஷார் வேண்டும். "ரீஃபண்டு வாங்கித் தரேன், அதில் இத்தனை சதவீதம் எனக்கு" என்று கம்பெனி கேட் வரைக்கும் ஆள் வருவார்கள். இல்லாத வீட்டுக் கடன், கொடுக்காத நன்கொடை எல்லாம் எழுதிப் பணம் வரவழைப்பார்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுக்க இப்படிப்பட்டவர்களிடம் சோதனை நடத்தியது. அதில் தமிழ்நாடும் உண்டு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கினார்கள் என்று அரசே அறிவித்தது.

பட்டயக் கணக்காளர்கள் 1949ஆம் வருஷச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ரிட்டர்ன் போட்டுத் தரும் வேலைக்கு ரீஃபண்டில் சதவீதம் கேட்பது அந்தச் சட்டப்படி ஒழுங்கீனம். எனவே சதவீதம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். போகும்போது இவற்றை மறக்காதீர்கள்:

1. உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். ஃபீஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, ரசீது வாங்குங்கள்.

2. ரிட்டர்னில் உங்கள் செல் நம்பர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் பேங்க் கணக்குதான் இருக்க வேண்டும்.

3. முழுவதும் படித்துப் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். ஒரு நகல் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

ஏனென்றால், எழுதியது யாராக இருந்தாலும் ரிட்டர்ன் நம் பெயரில்தான் போகிறது. தப்பான தகவல் கொடுத்து வரியைக் குறைத்தால், குறைத்த வரியைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் உண்டு. கமிஷன் வாங்கியவர் செல்லை அணைத்துவிடுவார். நோட்டீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும். வீட்டில் அதைப் படித்துச் சொல்ல நம்மைத் தவிர வேறு ஆள் இல்லாத வீடுகள் நம்மில் எத்தனை!

வேலையைக் காசு கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், நண்பர்களே. பொறுப்பை ஒப்படைக்க முடியாது. ஆகவே முதல் சம்பளம் வாங்கும் வருஷத்திலேயே நம் ரிட்டர்னை நாமே ஒருமுறை போட்டுப் பழகுவோம். நாளைக்கு அப்பா அம்மாவுக்காக ஆடிட்டர் முன்னால் உட்காரும்போது, என்ன கேட்க வேண்டும் என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும்.



- இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்