எங்களைக் கேட்டீங்களா?



லயத்துக்குப் புதுக் கக்கூஸ் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். எங்கே கட்டலாம் என்று உங்களைக் கேட்கவில்லை. கிணற்றுக்கு மேல்புறத்திலேயே கட்டிவிட்டார்கள். பிறகு வயிற்றுப்போக்கில் சுருண்டு படுப்பது யார் பிள்ளை? உங்க பிள்ளைதானே!

பெரிய திட்டத்திலும் இதே கதைதான். நம்ம செமினி பக்கத்துப் புரோகாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 1,500 டன் குப்பையை எரிக்கும் உலை, சுமார் 150 கோடி வெள்ளிச் செலவில், அங்கே வருவதாக இருந்தது. முதலில் பூச்சோங்கில் கம்போங் போஹோலில்தான் இடம் பார்த்தார்கள். அங்குள்ள ஜனங்கள் எதிர்த்ததும் புரோகாவுக்கு மாற்றினார்கள். புரோகாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2003-இல் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 2007-இல் அரசாங்கம் திட்டத்தையே கைவிட்டது. முதலிலேயே ஊரைக் கூட்டிப் பேசியிருந்தால் இத்தனை வருஷ இழுபறி எதற்கு?

அவர்கள் பயந்ததில் காரணம் இருக்கிறது. பிளாஸ்டிக் கலந்த குப்பை சரியாக எரியாவிட்டால் 'டயாக்சின்' என்ற நஞ்சு உண்டாகும். அது புல்லில் படியும். மாட்டுப் பாலிலும் முட்டையிலும் ஏறும். நம் உடம்புக் கொழுப்பில் வருஷக்கணக்கில் தங்கும். தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் போகும். புற்றுநோய்க்கும் காரணமாகும். நல்ல சூடும் வடிகட்டியும் உள்ள உலையில் இது வெகுவாகக் குறையும். லயத்துக்குப் பின்னால் நாம் கொளுத்துகிறோமே, அந்த நெருப்பில் சூடும் போதாது, வடிகட்டியும் இல்லை! ஆகவே பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம்.

இன்னொன்றும் யோசியுங்கள். "எங்க ஊரில் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் குப்பை அடுத்த ஊருக்குப் போகும். போஹோல் விட்டது புரோகாவுக்கு வந்ததே! எங்கே, எப்படி என்று பேசும்போதே நாமும் உட்கார வேண்டும். சுற்றுப்புறத்தைப் பாதிக்கும் பெரிய திட்டங்களின் ஆய்வறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதுண்டு. படித்த பிள்ளைகளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தை எழுதிக் கொடுங்கள்.

தோட்டத்தில் சாக்கடை வெட்டினாலும், தண்ணீர்த் தொட்டி வைத்தாலும், மண் தோண்டுமுன் கூட்டம் போடச் சொல்லுங்கள். தண்ணி தூக்குகிற பெண்களும், பிள்ளை பார்க்கிற ஆயாவும் அங்கே பேச வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எங்கே கொசு அடையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டி முடித்த பிறகு புலம்பிப் பயனில்லை. முன்கூட்டியே கேளுங்கள்!