முள் ஓடுகிறது, எண் மங்குகிறது

1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவில் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரம் என்றாகிவிட்டது. அதுவரை நமக்கும் தமிழ்நாட்டுக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். 1982 பிறந்ததும் இரண்டரை மணி. ஊரில் அண்ணன் தம்பிகளை விட்டு வந்த குடும்பங்களுக்கு மனக்கணக்கு ஒன்று கூடிப்போனது.

அந்தக் காலத்தில்தான் முள்ளும் எண்ணும் ஒரே முகப்பில் அமைந்த ஜப்பான் கைக்கடிகாரங்கள் பரவலாகக் கைகளில் ஏறின. பல மாடல்களில் முள்ளைத் திருப்ப ஒரு திருகு, எண்ணை மாற்றத் தனிப் பொத்தான்கள். முள்ளில் மலேசிய நேரத்தையும் எண்ணில் இந்திய நேரத்தையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஊர்களுக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கடிகாரம் எது? 1982-இல் அரசு ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்ததும் ஜப்பான் பொருளுக்கு மரியாதை இன்னும் உயர்ந்தது. 1969-இல் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சைக்கோ ஆஸ்ட்ரான் 4,50,000 யென்னுக்கு விற்றது. அந்தப் பணத்தில் அன்று ஒரு சிறிய கார் வாங்கியிருக்கலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே தொழில்நுட்பம் மாதச் சம்பளக்காரர் கைக்கு வந்துவிட்டது.

இன்று அந்த இரட்டை முகக் கடிகாரங்களைத் தேடி அலைகிறவர்களில் இளைஞர்களே அதிகம். பாதிக் காரணம் சினிமா. 1981-இல் வந்த ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ படத்தில் ரோஜர் மூர் கட்டியது சைக்கோ எச்357. ‘கமாண்டோ’, ‘பிரிடேட்டர்’ படங்களில் அர்னால்ட் கட்டிய தடித்த எச்558-க்கு ‘ஆர்னி’ என்றே பெயர். 2019-இல் சைக்கோ அதைச் சூரிய ஒளியில் இயங்கும்படி மீண்டும் வெளியிட்டது. வெப்பநிலை காட்டும் அனா-டிஜி டெம்பை சிட்டிசனும் மறுபடி கொண்டுவந்தது. புதியது கடைக்கு வந்ததும் பழையதைக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலும், பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் விடியலில் கூடும் பாசார் காராட்டிலும் கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சிக் கடிகாரத்தின் முதுகைப் படிக்கிறவர்களைப் பார்க்கலாம்.

ஆனால் அங்கே கிடைப்பவற்றில் எத்தனைக்கு இரண்டு கண்ணும் தெரிகிறது? முள் ஓடும், எண் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறம் படிந்திருக்கும், அல்லது ஓரத்திலிருந்து ஒரு கறுப்புக் கறை படர்ந்திருக்கும். என் கவலையெல்லாம் இதுதான்.

எண் காட்டும் திரை என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடைத்த திரவப் படிகம். மேலும் கீழும் ஒளியை வடிகட்டும் போலரைசர் படலம் ஒட்டப்பட்டிருக்கும். வெப்பமும் ஈரமும் முதலில் தின்பது அந்தப் படலத்தைத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. திரை சுமார் 7 ஆண்டுகள் தெளிவாக இருக்கும் என்று அந்தக் காலத்துக் கையேடுகள் சிலவற்றிலேயே அச்சிட்டிருந்தார்கள். நாம் 40 ஆண்டுகளைத் தாண்டிவிட்டோம். படலம் கெட்டால் கைதேர்ந்தவர் உரித்துப் புதியது ஒட்டிவிடுவார். கறை படர்ந்தது என்றால் கண்ணாடியின் அடைப்பே விட்டுப்போய்விட்டது என்று பொருள்; அதற்கு வைத்தியம் இல்லை. முழு எண் கடிகாரமாக இருந்தால்கூட வேறொன்றின் திரையைப் பொருத்திப் பார்க்கலாம். இந்த இரட்டை முகக் கடிகாரங்களில் முள்ளுக்கு வழிவிட்டுத் திரை வளைந்திருக்கும். சிலவற்றில் நடுவில் துளையே இருக்கும். ஒரு மாடலின் திரை இன்னொன்றில் உட்காராது.

அடுத்த எதிரி, இழுப்பறையில் மறந்துபோன பேட்டரி. அப்பா ஓய்வு பெற்றதும் கழற்றி வைத்தது, தாத்தா காலமான பின் அலமாரியில் வைத்துப் பூட்டியது என்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்த பிறகு காரம் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கிறது. முள்ளை நகர்த்தும் சுருளின் கம்பி தலைமுடியைவிட மெலிது. அதில் ஓர் இடம் அறுந்தாலும் முள் நின்றது நின்றதுதான். பாசார் மாலாமில் அட்டையோடு மலிவாகக் கிடைக்கும் அல்கலைன் பேட்டரியைப் போட்டு மறந்தவர்களின் கடிகாரங்களே அதிகம் பாழாகின்றன. போட வேண்டியது 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு. கட்டாமல் வைப்பதானால் அதையும் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் சேற்று நீரில் மூழ்கிய அலமாரிகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாகாமலே செத்ததாக ஒதுக்கப்பட்டவையும் உண்டு. பேட்டரி மாற்றிய பின், உள்ளே ‘ஏசி’ என்று குறித்திருக்கும் புள்ளியையும் பேட்டரியின் உலோகப் பக்கத்தையும் இடுக்கியால் ஒரு கணம் இணைத்துவிட வேண்டிய மாடல்கள் பல. செய்யாவிட்டால் திரையில் கன்னாபின்னாவென்று கோடுகள் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. இந்த ஒரு தொடுகை தெரியாத கையில் பட்டுக் குப்பைக்குப் போன கடிகாரங்கள் எத்தனையோ.

இரண்டு பழுதானவற்றை உடைத்து ஒன்றை ஓட வைப்பதுதான் நடைமுறை என்பார்கள் வியாபாரிகள். ஓடாத இரண்டைவிட ஓடும் ஒன்று மேல் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உடைபடுவது பெரும்பாலும் முழுப் பழுதானதல்ல. திரை நன்றாக இருந்து கூடு மட்டும் தேய்ந்துபோனதைத்தான் தேடி வாங்கிக் கழற்றுகிறார்கள். புதிதாகத் திரை செய்வார் யாரும் இல்லாத நிலையில் ஒவ்வொரு முறையும் ஒன்று குறைகிறது. வெள்ளியை எண்ணித் தருகிறவரும் தான் வாங்குவது ஒரு கடிகாரமா, இரண்டின் ஒட்டா என்று கேட்பதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் கண்ணாடிப் பெட்டி மேசை போட்டு வேலை பார்த்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்களின் டின்களிலும் மருந்துக் குப்பிகளிலும் பிரிக்காத திரைகள், சுருள்கள், திருகுகள் கிடக்கலாம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் அவை இரும்புக் கடைக்கு எடைக்குப் போனால் தடுக்க ஆளில்லை. அந்தப் பிள்ளைகளிடம்தான் கேட்கிறேன்: அப்பா நினைவோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் குப்பியில் எந்த மாடலின் பாகம் என்று கேட்டு எழுதுங்கள். சைக்கோ என்றால் பின்மூடியில் எட்டு இடம் கொண்ட எண் இருக்கும்; முதல் நான்கு உள்ளிருக்கும் இயந்திரத்தைச் சொல்லும், பின் நான்கு கூட்டைச் சொல்லும். முதல் நான்கு தெரிந்தாலே போதும், எந்தத் திரை எதில் உட்காரும் என்று பிறகு வருகிறவன் கண்டுபிடித்துவிடுவான். அதைக் குப்பியின் மேல் ஒட்டிவிட்டு, அப்புறம் மேசையைக் காலி செய்யுங்கள்.