பிக்-அப் வண்டிக்குப் புதிய உட்கூரை: வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை

விளைந்த காயையும் நெய்த துணியையும் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் சிறிய சரக்கு வண்டி இன்று நம் அங்கத்தினர் பலருடைய வீட்டு வாசலில் நிற்கிறது. 2005ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் 'ஏஸ்' வண்டியை வெளியிட்ட பிறகு, 'குட்டி யானை' என்னும் பெயரை அறியாத கிராமமே இல்லை எனலாம். அதனினும் பெரிய பிக்-அப் வண்டிகளும் நாளடைவில் பெருகியுள்ளன. எஞ்சினையும் டயரையும் கருத்தாகப் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள், ஓட்டுபவர் அமரும் அறையின் உட்புறத்தை மட்டும் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரு மனிதன் நாள் முழுவதும் உட்கார்ந்து உழைக்கும் இடம் அது என்பதை மறக்கலாகாது.

சங்கங்களைப் பார்வையிட நாம் செல்லும் ஊர்களில், பல வண்டிகளின் உட்கூரைத் துணி தொட்டில்போலத் தொங்கக் காண்கிறோம். சிலர் அதைக் குண்டூசி குத்தி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தொங்கும் துணி ஓட்டுபவரின் தலையில் உரசுகிறது. பின்னால் வரும் வண்டியைக் காட்டும் உள் கண்ணாடியை மறைக்கிறது. ஆகவே இது அழகு சம்பந்தமான குறை மட்டுமன்று. உயிர் சம்பந்தமான குறையும் ஆகும்.

இதைச் செப்பனிடப் பெரிய பட்டறை வேண்டுவதில்லை. இரண்டு பேரும் இரண்டு நாளும் போதும். நெசவாளர் தம் தறியில் நெய்த துணியையே இதற்கு உபயோகிக்கலாம். ஆனால் மூன்று காரியங்களில் அசட்டை கூடாது. பழைய நுரையை அடியோடு நீக்க வேண்டும். வெப்பம் தாங்கும் பசையைக் கொள்ள வேண்டும். எளிதில் தீப்பற்றும் துணியைத் தவிர்க்க வேண்டும். இம்மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உட்கூரை என்பது யாது?

மேல்தகட்டுக்குக் கீழே, நம் தலைக்கு நேராக அமைந்த மூடுபகுதியையே உட்கூரை என்கிறோம். பட்டறைக்காரர் இதை 'ரூப் லைனிங்' என்பர். பழைய வண்டிகளில் கம்பி வளைவுகளின்மேல் ரெக்சினையோ துணியையோ இழுத்துக் கட்டியிருப்பார்கள். பிற்கால வண்டிகள் பலவற்றில் அழுத்திச் செய்த ஒரே பலகை இருக்கும். அதன் அடிப்புறத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள நுரைப்பஞ்சும், அதன்மேல் மெல்லிய பின்னல் துணியும் ஒட்டியிருக்கும். விலை குறைந்த வண்டிகள் சிலவற்றில் வெறும் தகடே காணப்படும். கம்பி வளைவு உடையதற்குப் பழைய உறையை மாதிரியாக வைத்துப் புதியது தைத்துக்கொள்வதே வழி. வெறும் தகடாயின், துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசிய பின்னரே எதையும் ஒட்டலாம். பலகை வகையே மிகுதியாதலால் அதை மட்டும் இங்கே விரித்துரைப்போம்.

இப்பலகைகளும் கதவுப் பலகைகளும் நமக்கு அயலானவை அல்ல. சணல் போன்ற நார்களைப் பிளாஸ்டிக்குடன் சேர்த்து அழுத்திப் பல கம்பெனிகள் இவற்றைச் செய்கின்றன. அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் 2008ஆம் ஆண்டு மஸ்டாங் காரின் ஆசன நுரையில் சோயா மொச்சை எண்ணெயைச் சேர்த்தனர். 2013ஆம் ஆண்டு எஸ்கேப் வண்டியின் கதவுகளில், நமது புளிச்சைச் செடியின் இனமாகிய கெனாப் நாரை உபயோகித்தனர். வயலும் தறியும் வண்டிக்குள் முன்பே புகுந்துவிட்டன என்பதற்கு இவை சான்றாகும்.

துணி ஏன் தொங்குகிறது?

துணியும் கெடுவதில்லை, பலகையும் கெடுவதில்லை. இடையிலுள்ள நுரைப்பஞ்சுதான் கெடுகிறது. அது பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. வெயிலில் நிறுத்திய வண்டியின் கூரையடியில் வெப்பம் 70 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு ஏறக்கூடும். இந்த வெப்பமும் மழைக்கால ஈரமும் மாறி மாறித் தாக்குவதால், சில ஆண்டுகளில் நுரை மாவாக உதிர்ந்துவிடுகிறது. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமற்போகவே துணி கீழே இறங்குகிறது.

புழுதி படிந்த சுவரின்மேல் சுண்ணாம்பு அடித்தால் நிற்குமா? அதுபோலவே உதிர்ந்த நுரையின்மேல் எவ்வளவு உயர்ந்த பசையைத் தடவினாலும் பயனில்லை. பழைய துணியை நீக்காமலே ஊசிவழியாகப் பசையைச் செலுத்தி ஒட்டிய ஓர் அங்கத்தினரை நாம் அறிவோம். பங்குனியில் ஒட்டியது வைகாசியில் உதிர்ந்துவிட்டது. செலவும் வீண், வேலையும் இருமடங்கு.

கழற்றும் முறை

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு வெயில் மறைப்புகள், உள்விளக்கு, கைப்பிடிகள், கதவோர ரப்பர் பீடிங், தூண்களின் மூடிகள் ஆகியவற்றை வரிசையாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நன்று. திருகாணிகளைக் கழற்றிய இடத்தின் பெயரெழுதிய தனித்தனிப் பொட்டலங்களில் இடுக. பிளாஸ்டிக் கிளிப்புகளில் சில உடைவது இயல்பு. ஒரு டஜன் புதியவற்றை முன்னதாகவே வாங்கி வைத்தல் சிக்கனம்.

தூணிலோ கூரையோரத்திலோ 'ஏர்பேக்' அல்லது 'எஸ்.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளோ, மஞ்சள் நிற மின்னிணைப்புகளோ காணப்பட்டால் அவ்விடத்தில் கைவைக்க வேண்டாம். விபத்தின்போது விரியும் காற்றுப்பை அங்கே உள்ளது. அதன்மேல் துணி போர்த்தி ஒட்டினால் அது விரிய வேண்டிய கணத்தில் தடைப்படும். அத்தகைய வண்டியைக் கம்பெனிப் பயிற்சி பெற்ற தொழிலாளியிடம் ஒப்படைப்பதே முறை.

பலகையை இருவர் தாங்கி, ஆசனங்களைச் சாய்த்தோ கழற்றியோ, கதவுவழியே வெளியே கொணர வேண்டும். அவசரப்பட்டு வளைத்தால் நடுவில் மடிப்பு விழும். மடிப்பு பிறகு மறையாது.

நுரையை நீக்குதல்

பலகையைச் சமதளத்தில் கிடத்திப் பழைய துணியை உரித்தெடுக்கவும். எஞ்சிய நுரையைத் தென்னை நார்ப் பிரஷினாலோ மென்மையான கம்பிப் பிரஷினாலோ தேய்த்து, பலகையின் நிறம் தெரியும்வரை நீக்க வேண்டும். விரலால் தடவினால் தூள் ஒட்டக்கூடாது. சில பலகைகளில் கண்ணாடி நார் கலந்திருக்குமாதலால், முகத்தில் மூடியும் கையில் உறையும் அணிந்துகொள்வது அவசியம். இதைத் திறந்த வெளியில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது செய்யவேண்டும். வேலையில் பாதி இதுவே. இதில் சோம்பினால் மற்ற பாதியும் கெடும்.

எந்தத் துணி?

கடையில் நுரை ஒட்டிய உட்கூரைத் துணி கிடைக்கிறது. அது நன்கு நீண்டு கொடுப்பதால் பள்ளம் மேடுகளில் படிந்து நிற்கும். பலகையின் கரடுமுரடையும் மறைக்கும். ஆனால் அதன் நுரையும் ஒருநாள் உதிரவே செய்யும்.

நம் கைத்தறித் துணியில் நுரை இல்லை. எனவே உதிர்வதற்கும் ஒன்றுமில்லை. ஆயினும் அதற்குரிய இயல்புகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மெல்லிய துணியில் பசை ஊறி மறுபுறம் கறையாகத் தெரியும். ஆதலால் நெருங்கிய நெசவும் நடுத்தரக் கனமும் உள்ள துணியே ஏற்றது. இரண்டாவது, நெய்த துணி பாவிலும் ஊடையிலும் நீளாது. மூலைவாட்டில் வெட்டினால் சற்று இழுத்துக் கொடுக்கும். விளக்குக் குழி, கைப்பிடிக் குழி ஆகியவை ஆழமாக உள்ள பலகைக்கு மூலைவாட்டில் வெட்டுவது இன்றியமையாதது. மூன்றாவது, பருத்தித் துணியை முன்னதாக நனைத்து உலர்த்திச் சுருக்கம் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் முதல் மழைக்காலத்தில் ஓரங்கள் உள்ளிழுக்கும். நான்காவது, சாயம் வெயிலுக்கு வெளிறாததாக இருக்க வேண்டும். வாட் சாயமிட்ட நூல் இதற்குச் சிறந்தது. ஐந்தாவது, எப்புறமும் சுமார் 10 சென்டிமீட்டர் மிகுதியாக இருக்கும்படி அளவெடுக்க வேண்டும். பலகையின் அகலத்தைத் தெரிவித்தால் நெசவாள அங்கத்தினர் அதற்கேற்பவே நெய்து தரலாம். நடுவில் தையல் விழாது.

தீயைப் பற்றிய எச்சரிக்கை

அங்கத்தினர் இப்பகுதியை இருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். வண்டிக்குள் மின்கம்பிகள் செல்கின்றன, புகைப்பவரும் அமர்கிறார்கள். தலைக்குமேல் துணி தீப்பற்றினால் கதவைத் திறந்து இறங்கும் அவகாசம்தான் உயிரைக் காப்பது. இதை முன்னிட்டே அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், வண்டிகளின் உட்பொருள்கள் நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எரியக்கூடாது என்னும் விதி அமலுக்கு வந்தது. நம் நாட்டிலும் இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 15061 இதே நோக்கத்துடன் வகுக்கப்பட்டுள்ளது.

தளர்ந்த நெசவும் மேற்பரப்பில் பஞ்சு மயிரும் உள்ள பருத்தித் துணி விரைவாக எரியும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். கம்பளி எளிதில் பற்றாது. பருத்தியையே உபயோகிக்க விரும்புவோர் பழமையான ஒரு முறையைக் கைக்கொள்ளலாம். 2 லிட்டர் வெந்நீரில் வெங்காரம் 210 கிராமும் போரிக் அமிலம் 90 கிராமும் கரைத்து, துணியை நன்றாக நனைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்த வேண்டும். இக்கரைசலை உணவுப் பாத்திரத்தில் கலக்கவோ குழந்தைகளுக்கு எட்டும்படி வைக்கவோ கூடாது; கையுறை அணிதல் வேண்டும். இது நீரில் கரைந்து போவதாகையால், துணி நனைந்தால் பலன் குறையும் என்பதையும் நினைவிற்கொள்க.

பதப்படுத்திய துணியில் 35 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டை, வெட்டவெளியில், அருகில் ஒரு வாளி நீருடன், இரு கம்பிகளுக்கிடையே கிடைமட்டமாகப் பிடித்து ஒரு முனையில் 15 விநாடி சுடர் காட்டிப் பார்க்கலாம். சுடரை நீக்கியதும் அணைந்துவிட்டால் நன்று. தொடர்ந்து ஓடி எரிந்தால் அத்துணியை ஒதுக்கிவிட வேண்டும். இது ஆய்வுக்கூடச் சான்றுக்கு ஈடாகாது. எனினும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவதினும் மேலானது.

ஒட்டும் முறை

தச்சர் உபயோகிக்கும் வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும், இதற்கு உதவாது. இரு பரப்பிலும் தடவிச் சேர்க்கும் செயற்கை ரப்பர் பசையே தேவை. எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து, 80 டிகிரிக்குக் குறையாததை வாங்குக. இப்பசையின் ஆவி தலைச்சுற்றலைத் தரும், தீயும் பற்றும். பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இருத்தலாகாது.

துணியைப் பலகையின்மேல் சரியாக விரித்து, ஒரு பாதியை மறுபாதிமேல் மடித்துப் போடவும். வெளித்தெரியும் பலகைப் பாதியிலும் துணியின் பின்புறத்திலும் மெல்லியதாகவும் சமமாகவும் பசை தடவவும். உடனே ஒட்டிவிடலாகாது. 10 முதல் 15 நிமிஷம் கழித்து, விரலில் ஒட்டாத பதம் வந்தபின், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே படியவைக்க வேண்டும். ஒருமுறை பட்டால் பிரித்தெடுப்பது கடினம். ஆகவே இருவர் இருப்பது உதவியாகும். குழிகளில் துணியை இழுத்துப் பாலம்போல் விடாமல், அடிவரை விரலால் அழுத்த வேண்டும். இழுத்து விட்ட இடமே பிறகு முதலில் பிரியும். பின்னர் மறுபாதியையும் இவ்வாறே செய்து, ஓரங்களை மடித்துப் பின்புறம் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டே வண்டியில் மாட்டவேண்டும். பதப்படுத்திய துணியில் பசை பிடிக்கிறதா என்று ஒரு சிறு துண்டில் முன்னரே சோதித்துக்கொள்வது விவேகம்.

கதவு, முகப்பு, தரை

கதவின் உட்பலகையைக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அது மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது. கிழித்தெறியாமல் மீண்டும் பொருத்த வேண்டும். முகப்புப் பலகையில் வெண்மையான அல்லது பளபளக்கும் துணியை விரித்தால் அதன் நிழல் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். அங்கே மங்கலான கருநிறமே தக்கது.

தரைக்குப் பவானி ஜமுக்காளத்தை வெட்டிப் போடலாமா எனச் சிலர் கேட்கின்றனர். பயணி பக்கத்தில் தாராளமாகப் போடலாம். ஓட்டுபவரின் காலடியில், நகராதபடி கொக்கி வைத்துப் பொருத்தினாலன்றி எவ்வித விரிப்பும் ஆகாது. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனியார், விரிப்பு நகர்ந்து ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதற்காகச் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தனர். ஒரு முழ விரிப்பு எத்தகைய ஆபத்தை விளைவிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பழைய துணிக்குப் பதில் புதுத்துணி ஒட்டுவதால் அவ்விவரங்கள் மாறுவதில்லை. ஆனால் ஆசனங்களின் எண்ணிக்கையை மாற்றுவது இதனினும் வேறான காரியம். ஆசன வாரைத் துணிக்கடியில் மறைத்துத் தைப்பதும் ஒருபோதும் கூடாது.

ஒரு டப்பாப் பசை ஒரு வண்டிக்கு மிகுதியாகலாம். திறந்த டப்பா நாளாவட்டத்தில் இறுகிப் பயனற்றுப் போகும். ஆகவே ஒரே சங்கத்தைச் சேர்ந்த மூன்று நான்கு அங்கத்தினர் ஒருங்கு சேர்ந்து பசையும் கிளிப்பும் வாங்கி, ஒருவர் வண்டிக்கு மற்றவர் கைகொடுத்து இவ்வேலையைச் செய்வார்களாயின் செலவு சுருங்கும்; வேலையும் திருந்தும். மழைக்காலம் கழிந்து, வெயில் முற்றுவதற்கு முன்னுள்ள தை, மாசி மாதங்களே இதற்கு உகந்தவை.