அண்ணனின் பலகையில் தங்கை ஏறினால்

யாழ்ப்பாணத்தை ஒட்டிய வேலணைத் தீவின் சரவணையில் மார்கழி, தை மாதங்களில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. அங்கிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் 1980களிலும் 1990களிலும் போர் துரத்த வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ரொறன்ரோ, சூரிச், ஒஸ்லோ என்று பனி கொட்டும் நகரங்களில் வளர்கிறார்கள். ரொறன்ரோ மாநகர சபையே ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் ஒரு சிறிய சறுக்குமேட்டை நடத்துகிறது. இரண்டு மணித்தியாலம் வடக்கே ஓடினால் கொலிங்வூட்டுக்கு அருகே புளூ மவுண்டன் இருக்கிறது. பிள்ளைகள் பனியில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்ட் பலகையைக் கேட்கத் தொடங்கியதும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: மகனுக்குப் புதுப்பலகை வாங்குவார்கள், அவன் அடுத்ததற்கு மாறும்போது பழையது தங்கைக்குப் போய்ச்சேரும். அவள் அதில் ஏறிச் சறுக்குவாள், ஆனால் துள்ளமாட்டாள், திரும்பும்போது தடுமாறுவாள். ‘அவளுக்கு இது வராது’ என்று முடிவுகட்டி விடுவார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அவளுடைய உடலின் பாரத்துக்கு அந்தப் பலகை செய்யப்படவில்லை. குறை பலகையின் வளைவில் இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

இங்கே பேசுவது ஃப்ரீஸ்டைல் வகைப் பலகையைப் பற்றி. அது துள்ளவும் சுழலவும், முன்பின் மாறிச் சறுக்கவும் செய்யப்பட்டது. அதனால் அதன் மூக்கும் வாலும் ஒரே அளவாக இருக்கும், கால்களும் நட்டநடுவிலிருந்து சம தூரத்தில் நிற்கும். உள்ளே பொப்லர், ஆஸ்பென் போன்ற இலேசான மரத்தில் ஒரு நடுப்பட்டை, அதன் மேலும் கீழும் கண்ணாடி நார்த் தகடுகள், அடியில் வழுவழுப்பான பொலிஎதிலீன், ஓரத்தைச் சுற்றி உருக்கு விளிம்பு. பார்வைக்கு எல்லாப் பலகைகளும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு நடுப்பட்டையின் தடிப்பில் ஒளிந்திருக்கிறது. பனஞ்சிலாகையைக் கூரையில் ஏற்றும் தச்சர் அதன் அகலப் பக்கத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பதன் காரணம் இங்கேயும் செல்லும்: ஒரு மரச்சட்டத்தின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே விறைப்பைக் கால்வாசி குறைக்கத் தடிப்பை ஏறக்குறைய 9 சதவீதம் குறைத்தாலே போதும். 8 மில்லிமீற்றர் நடுப்பட்டை 7.3 மில்லிமீற்றர் ஆகும், அவ்வளவுதான். நார்த் தகடுகளையும் சேர்த்துப் பார்த்தால் இலக்கங்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. கடையில் இரண்டு பலகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தகப்பனின் கண்ணுக்கு அந்த முக்கால் மில்லிமீற்றர் படாது. மலையில் ஏறும் மகளின் காலுக்குப் படும்.

எப்படிப் படும் என்பதை ‘ஒலி’ எனப்படும் துள்ளலில் பார்க்கலாம். உடலின் பாரத்தை வால்பக்கம் சாய்த்தால் வால் வளைகிறது. வளைந்த வால் ஸ்பிரிங் போலச் சக்தியைச் சேமித்து, விட்டதும் ஆளை மேலே எறிகிறது. அண்ணன் 80 கிலோ, தங்கை 60 கிலோ என்று வைப்போம். ஒரே பலகையில் அவள் கொடுக்கக்கூடிய பாரம் அவனுடையதில் முக்கால்வாசி, ஆகவே வளைவும் முக்கால்வாசி. ஆனால் ஸ்பிரிங்கில் சேரும் சக்தி வளைவின் இருமடிக்கு ஏற்பப் போவதால் அது முக்காலின் முக்காலாக, அதாவது பாதிக்குச் சற்றே மேலான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அவள் தூக்கவேண்டிய எடையும் குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான், அதையும் கணக்கில் எடுத்துவிட்டால் எஞ்சுவது உயரத்தில் முக்கால்வாசி. பலகை அவனை 40 சென்ரிமீற்றர் தூக்கினால் அதே பலகை அவளை 30 சென்ரிமீற்றர்தான் தூக்கும். இருவரும் ஒரே திறமையோடு, ஒரே நேரத்தில், ஒரே விதமாகத் துள்ளினாலும் இதுதான் முடிவு. பலகையின் விறைப்பையும் முக்கால்வாசியாகக் குறைத்துவிடுங்கள்: அவளுடைய வளைவு அவனுடையதற்குச் சமமாகிறது, உயரமும் அதே 40 சென்ரிமீற்றருக்கு வந்துவிடுகிறது. கடையில் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் ‘விறைப்பு 5/10’ என்ற இலக்கத்துக்குத் தனியே பொருள் இல்லாமல் போவது இதனால்தான். ஒருவருக்கு நடுத்தரமான விறைப்பு இன்னொருவருக்கு அசையாத பலகை.

திரும்புவதிலும் இதே கதை. ஸ்னோபோர்ட்டின் இரு ஓரங்களும் நேர்கோடல்ல. இடுப்பில் ஒடுங்கிய ஒரு வட்டவில்லின் துண்டு. ஃப்ரீஸ்டைல் பலகைகளில் அந்த வட்டத்தின் ஆரை ஏறக்குறைய 6 முதல் 8 மீற்றர் வரை இருக்கும். பலகையை ஓரத்தில் சாய்த்து அழுத்தும்போது நடுப்பகுதி கீழிறங்கி வளைய, விளிம்பு முழுவதும் பனியில் பதிந்து ஒரு வில்லை வெட்டுகிறது. எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு சிறிய வட்டம்: 7 மீற்றர் ஆரையுள்ள பலகையை 60 பாகை சாய்த்தால் 3.5 மீற்றர் ஆரையில் திரும்பலாம். ஆனால் நடுப்பகுதி பனியைத் தொடும் அளவுக்குப் பலகை வளைந்தால்தான் அந்தக் கணக்கு நிறைவேறும். வளைக்கப் பாரம் போதாதவரின் கீழே மூக்குப் பக்கமும் வால் பக்கமும் மட்டும் பனியைக் கவ்வும், நடு விளிம்பு பிடிக்காது, பலகை வெட்டாமல் வழுகும். மேற்குக் கனடாவின் மெத்தென்ற பனியில் இது பெரிதாகத் தெரியாது. பகலில் உருகி இரவில் உறைந்து கண்ணாடியாகிவிடும் ஒன்ராறியோப் பனியில் இதுவே விழுவதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அகலத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என் கணிப்பில் அன்றாடம் அதிகம் தொல்லை தருவது அதுதான். ஆண்களுக்கான பலகைகளின் இடுப்பு பொதுவாக 25 சென்ரிமீற்றரைச் சுற்றியும், பெண்களுக்கானவை 24க்குச் சற்று மேலும் கீழுமாகவும் இருக்கும். கால் நிற்கும் இடத்தில் பலகை இடுப்பைவிட ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அகன்றது. 23 சென்ரிமீற்றர் பாதமுள்ள பெண் 15 பாகை திருப்பி நின்றால், பலகைக்குக் குறுக்கே அந்தப் பாதம் எடுத்துக்கொள்ளும் இடம் 22 சென்ரிமீற்றர்தான். 26 சென்ரிமீற்றர் அகலத்தில் விரல்பக்கம் இரண்டு, குதிப்பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் அவள் காலுக்கு எட்டாமல் கிடக்கும். சப்பாத்தின் அடி அதில் ஒரு பகுதியை நிரப்பலாம், ஆனால் அழுத்துவது சப்பாத்து அல்ல, உள்ளே இருக்கும் பாதம். விளிம்பு நெம்புகோலின் கைக்கு வெளியே போய்விட்டதால், பலகையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் புரட்ட ஒவ்வொரு முறையும் கூடுதல் பலம் வேண்டும், கூடுதல் நேரமும் பிடிக்கும். நாள் முழுக்க நூறு திருப்பம் என்றால் நூறு தடவையும் அந்தக் கூலியைக் கெண்டைக்கால் கட்டவேண்டும்.

ஆண்களின் பலகையிலேயே சிறியதாக ஒன்றை எடுத்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. சுழல்வதற்கு அது உதவும்: 155 சென்ரிமீற்றர் பலகைக்குப் பதில் 147 எடுத்தால், ஆகாயத்தில் சுற்றும்போது பலகை காட்டும் தடை ஏறக்குறைய 15 சதவீதம் குறையும், ஏனென்றால் அந்தத் தடையும் நீளத்தின் மும்மடியோடு போகிறது. ஆனால் அதே மும்மடி மறுபக்கம் வெட்டுகிறது. தடிப்பைத் தொடாமல் நீளத்தை மட்டும் அந்த அளவு குறைத்தால் பலகை 17 சதவீதம் கூடுதலாக விறைத்துவிடும், இலேசானவருக்கு எது வேண்டாமோ அதுதான் கூடும். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நீளத்துக்கும் தடிப்பைத் தனியே சரிசெய்கிறார்கள் என்பது உண்மை. அப்படிச் சரிசெய்யும்போதும் அவர்கள் மனதில் வைத்திருப்பது சிறிய உருவ ஆண் ஒருவரை. அவருடைய பாதம் அதே எடையுள்ள பெண்ணின் பாதத்தைவிடப் பெரும்பாலும் நீளமானது. அகலம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஒலிம்பிக் தரத்துப் பெண்களில் பலர் விறைப்பான பலகைகளில்தானே ஏறுகிறார்கள், பிறகு மென்மையான பெண்கள் பலகை என்பது விற்பனைத் தந்திரம் அல்லாமல் வேறென்ன? இதற்கு விடை வேகத்தில் இருக்கிறது. பலகையை அழுத்துவது எடை மட்டுமல்ல. வளைவில் போகும்போது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஒரு விசை எடையோடு சேர்கிறது. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். பாதிக் குழாய் வடிவில் 6.7 மீற்றர் உயரச் சுவருள்ள ஒலிம்பிக் ஹாஃப்பைப்பில், 2018இல் பியோங்சாங்கில் 17 வயதில் தங்கம் வென்ற குளோயி கிம் போன்றவர் சுவரின் அடிவளைவைக் கடக்கும் கணத்தில் பலகைக்குக் கொடுப்பது தன் எடையின் பல மடங்கு. அவருக்கு விறைத்த பலகை தேவை, அந்தப் பலகையை வளைக்கத் தேவையான விசையை வேகம் தந்துவிடுகிறது. ஏர்ல் பேல்ஸ் மேட்டில் மிதிவண்டி வேகத்தில் சறுக்கும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே சாம்பியன்களின் பலகைத் தெரிவு என் வாதத்துக்கு எதிரான சான்றல்ல, விறைப்பை விசையோடு வைத்தே அளக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு சான்று. விற்பனைத் தந்திரம் இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பூப்போட்ட மேற்தாளுக்காக விலையைக் கூட்டும் பலகைகள் சந்தையில் உண்டு. 85 கிலோ எடையும் நீண்ட பாதமும் உள்ள பெண்ணுக்கு ஆண்கள் வரிசையில் இருப்பதுதான் சரியான பலகை. 50 கிலோ இளைஞன் ஒருவன் பெண்கள் வரிசையில் எடுத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று உறுத்தும். 1965இல் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் ஷெர்மன் பொப்பன் என்பவர் இரண்டு சறுக்குக்கட்டைகளைச் சேர்த்துப் பூட்டித் தன் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் செய்துகொடுத்தார். இன்றைய ஸ்னோபோர்ட்டின் மூதாதை அதுதான். பெண்பிள்ளைகளுக்காகப் பிறந்த பொருள் வணிகமானதும் ஆண்களின் அளவுக்கு மாறியது. சிம்ஸ் நிறுவனம் ஷானன் டன் என்ற வீராங்கனையின் பெயரில் பெண்ணுக்கென்றே பலகை வெளியிட 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஸ்னோபோர்ட் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1998 நகானோ போட்டியில் அதே ஷானன் டன் ஹாஃப்பைப்பில் வெண்கலம் வென்றார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பெண்கள் தமக்குப் பொருந்தாத பலகைகளோடு மல்லுக்கட்டிப் பழகினார்கள். அவர்களில் எத்தனை பேரைத் திறமை இல்லையென்று திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பொருத்தமான ஃப்ரீஸ்டைல் பலகையும் மலை முழுவதற்கும் மருந்தல்ல. சமச்சீர் வடிவமும் குறைந்த நீளமும் துள்ளல் பூங்காவில் தரும் நன்மையை ஆழ்ந்த பனியில் பறித்துக்கொள்கின்றன. கால்கள் நடுவில் நிற்பதால் மூக்கு எளிதில் புதையும். செங்குத்தான சரிவில் வேகம் கூடும்போது மென்மையான முனைகள் படபடக்கும். மேற்குக் கனடாவின் விஸ்லர் மலையுச்சியிலிருந்து இறங்க ஆசைப்படுபவளுக்கு வேறொரு பலகை வேண்டும். செலவைப் பற்றிய மறுப்புக்கும் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் அகதியாக வந்து இரண்டு வேலை செய்து வீடு கட்டிய பெற்றோருக்கு அது வெறும் சாக்கல்ல. காசு மட்டுப்பட்டதென்றால் அதில் முதலில் வாங்கவேண்டியது பலகையே அல்ல. ஸ்னோபோர்ட்டில் பழகுபவர்கள் விழும்போது கையை ஊன்றுவதால் அதிகம் முறிவது மணிக்கட்டு. நோர்வேயில் 5,000க்கும் மேற்பட்டவர்களை இரு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. மணிக்கட்டுக் காப்பு அணியாத குழுவில் 29 பேருக்கும் அணிந்த குழுவில் 8 பேருக்கும் மணிக்கட்டில் காயம். காப்பை வாங்கியபின் மிஞ்சும் காசுக்குப் பழைய பலகையே கிடைத்தாலும் நல்லது. தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் எடை எல்லையின் நடுவில் மகளின் எடை விழுகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அடுத்து, நடுவில் கிளம்பி நிற்கும் கேம்பர் வகைப் பலகையென்றால், சமதரையில் வைத்து அவளை அதன்மேல் ஏறி நிற்கச் சொல்லவேண்டும். அவள் நின்றதும் நடுப்பகுதி தரையில் படிந்து, இறங்கியதும் மீண்டும் எழுந்தால் அந்தப் பலகை அவளுக்கு வளைகிறது. அவள் நின்றும் அடியில் ஒரு தாள் நுழைய இடமிருந்தால் அது இன்னும் அண்ணனுடைய பலகைதான்.