அடுப்பில்லாமல் சூடாகும் தேயிலை

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் பெரிய இலைத் தேயிலையைப் பறித்து, சட்டியில் வாட்டி, உருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். இதை ஆவியில் இளக்கி வட்டுகளாக அழுத்தினால் ‘பச்சை’ பூ-ஆர். வழக்கமான வட்டின் எடை 357 கிராம். இது முதிரப் பல்லாண்டுகள் ஆகும்.

அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? 1973-இல் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலை வேறு வழி கண்டது. உலர்ந்த இலைக்கு நீர் தெளித்து, பெருங்குவியலாக்கி மூடிவைத்தார்கள். நுண்ணுயிர்கள் பெருகின; குவியலின் நடுவே வெப்பநிலை 50 டிகிரி செல்சியசையும் தாண்டியது!

அடுப்பே இல்லையே? நுண்ணுயிர்களின் சுவாசம்தான் அடுப்பு. வெப்பம் குவியல் முழுவதும் பிறக்கிறது; வெளியேறுவதோ மேற்பரப்பு வழியாக மட்டும். கைப்பிடி இலையை நனைத்துவைத்தால் இப்படிச் சூடேறாது. எருக்குழியைக் கிளறும்போது ஆவி எழுவதும் இதனால்தான். சூடு மிஞ்சினால் நுண்ணுயிர்களே மடியும், இலையும் கெடும். எனவே அவ்வப்போது குவியலைப் புரட்டிவிடுகிறார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில் கருஞ்சிவப்பான ‘பழுத்த’ பூ-ஆர் கிடைக்கிறது.