ஒன்று என்றால் பாக்டீரியம்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

சென்ற பருவத்துச் செய்முறைத் தேர்வில் நடந்தது இது. சுவரில் மாட்டியிருந்த படத்தில் தனியாக வரைந்திருந்த ஒரு செல்லைச் சுட்டிக் காட்டி, வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இது என்ன என்று கேட்டார். "திஸ் இஸ் எ பாக்டீரியா, சார்" என்றேன். "ஒன்றா, பலவா?" என்றார். ஒன்றுதான் என்றேன். "ஒன்று எப்படியப்பா பாக்டீரியா ஆகும்?" என்று சிரித்தார். வரிசையில் நின்ற நண்பர்களும் சிரித்தார்கள். செல்சுவர், கசையிழை என்று நான் இரவெல்லாம் படித்து வைத்திருந்த எதையும் அவர் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன். ஒருமையோடு 'எஸ்' சேர்த்தால் பன்மை என்று பள்ளியில் சொல்லித் தந்ததையே நம்பியிருந்தேன். 'பாக்டீரியா'வில் 'எஸ்' இல்லையே, அது ஒருமைதானே என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதை அறிய விடுமுறையில் நூலகத்தில் சில நாட்கள் உட்கார்ந்தேன். என்னைப் போன்ற நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

பெயர்ச்சொற்களை ஐந்தாகப் பிரித்துப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம்: சிறப்புப் பெயர், பொதுப் பெயர், கூட்டப் பெயர், பொருட் பெயர், பண்புப் பெயர். மதுரை, ஆறு, மந்தை, தங்கம், நேர்மை என்று எடுத்துக்காட்டும் சொல்லிவிடுவோம். தேர்வுக்கு அது போதும். பன்மை அமைப்பதற்கு அதைவிடப் பயன்படுவது ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் பொருளை எண்ணலாமா, எண்ண முடியாதா? ஆங்கிலம் பெயர்ச்சொல்லைப் பார்த்து முதலில் கேட்பது இதைத்தான்.

தமிழ் கேட்கும் முதற்கேள்வி வேறு: உயர்திணையா, அஃறிணையா? நாம் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து. 'பத்து மாணவன் வந்தான்' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. 'பத்து மாடு', 'நாலு புத்தகம்' என்று எல்லோரும் சொல்கிறோம். அஃறிணைப் பெயரோடு 'கள்' சேர்வது கட்டாயமில்லை என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்தே உள்ள இலக்கணம். என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சிவப்பு மையில் சுழித்திருந்த இடங்களில் 'டூ ஸ்டூடன்ட்' என்று ஒன்றுகூட இல்லை. 'டென் லீஃப்', 'ஃபோர் பெட்டல்' என்றே இருந்தன. கையெழுத்து ஆங்கிலம், எண்ணியது தமிழ்.

எங்கள் வீட்டில் செம்மறி மந்தை உண்டு. மாலையில் பட்டியில் அடைக்கும்போது அப்பா 'நாற்பது உருப்படி' என்றுதான் எண்ணிச் சொல்வார். ஆங்கிலேய உழவரும் மாடுகளை எண்ணும்போது 'ஃபார்ட்டி ஹெட் ஆஃப் கேட்டில்' என்பார். அங்கும் 'ஹெட்' என்பதோடு 'எஸ்' சேராது. செம்மறிக்கு உரிய 'ஷீப்' என்ற சொல்லோ ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே. இது நமக்குப் புதிதன்று. 'ஆ வந்தது', 'ஆ வந்தன' என்பவற்றில் பசு ஒன்றா பலவா என்பதை வினைமுற்றுதான் காட்டுகிறது. நன்னூலார் இதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார். 'தி ஷீப் இஸ்', 'தி ஷீப் ஆர்' என்பதும் அதே ஏற்பாடுதான். 'டியர்' என்னும் மானும் இந்த இனமே.

எண்ண முடியாத பெயர்களில் நாம் தடுக்கி விழுவதற்கும் தமிழே காரணம். 'அரிசிகள்', 'மணல்கள்' என்று நாம் சொல்வதில்லை. ஆகவே 'ரைஸ்', 'ஸாண்ட்' ஆகியவற்றில் தவறு நேர்வதில்லை. ஆனால் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்பன நல்ல தமிழ். அந்தப் பழக்கத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவை மூன்றும் அரிசியைப் போன்றவை. ஒன்றெனக் காட்ட வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப்' என்று அளவுச்சொல் சேர்க்க வேண்டும். நாம் ஒருபடி அரிசி என்பதுபோல.

இனி அந்த 'எஸ்'. எழுத்தில் ஒன்றாகத் தோன்றினாலும் ஒலியில் அது மூன்று. தொண்டையில் விரலை வைத்து 'புக்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலியில் அதிர்வு இராது. 'டாக்ஸ்' என்று நாய்களைச் சொன்னால் அதிரும். 'பஸ்' போல ஏற்கெனவே சீறும் ஒலியில் முடிந்தால் நடுவே ஓர் இகரம் நுழைந்து 'பஸ்ஸிஸ்' ஆகும். மரங்கள், முட்கள், பூக்கள் என்று நம் 'கள்' ஈற்றுக்கு ஏற்ப இணைவதைப் போன்றதுதான் இதுவும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த எழுத்தின் மேல் இருந்த அச்சம் பாதி போயிற்று.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பன்மைக்குப் பல வழிகள் இருந்தன. அவற்றுள் ஒரு குடும்பத்தின் விகுதியே இன்றைய 'எஸ்'. காலப்போக்கில் அது மற்றவற்றை விழுங்கிவிட்டது. தப்பிப் பிழைத்தவற்றை நாம் விதிவிலக்கு என்கிறோம். 'ஆக்ஸன்' என்பதில் உள்ள 'என்' அப்படிப் பிழைத்த ஒரு விகுதி. 'ஃபுட்' 'ஃபீட்' ஆவதும் 'மௌஸ்' 'மைஸ்' ஆவதும் மற்றொரு வகை: மிகப் பழங்காலத்தில் இறுதியில் நின்ற இகர விகுதி முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துத் திரித்துவிட்டுத் தான் மறைந்துபோயிற்று. 'புக்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் இவ்வாறே உயிர் மாறிப் பன்மை பெற்றது. பின்னர் 'எஸ்' கட்சியில் சேர்ந்துவிட்டது.

'சில்ட்ரன்' இன்னும் சுவையானது. பழைய பன்மை விகுதியோடு 'சில்டர்' என்று ஒரு வடிவம் இருந்தது. அது போதாதென்று அதன்மேல் 'என்' விகுதியையும் ஏற்றினார்கள். பன்மையின்மேல் பன்மை! சிரிக்க வேண்டாம். 'அவர்' என்பதிலேயே பலர்பால் விகுதி இருக்க, அது மரியாதைச் சொல்லாகிவிட்டதால் 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்கிறோம் அல்லவா?

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு உண்மையான தொல்லை லத்தீன், கிரேக்கச் சொற்களால்தான். அறிஞர்கள் இவற்றை எடுத்தாண்டபோது அந்தந்த மொழியின் பன்மையையும் கூடவே கொண்டுவந்தார்கள். லத்தீனில் 'அம்' ஈறு 'ஆ' ஆகும்: பாக்டீரியம், பாக்டீரியா, ஸ்ட்ரேட்டம், ஸ்ட்ரேட்டா. 'அஸ்' ஈறு 'ஐ' ஆகும்: நியூக்ளியஸ், நியூக்ளியை. ஃபங்கஸ், ரேடியஸ் ஆகியவையும் அப்படியே. 'ஆ' ஈறு 'ஈ' ஆகும்: ஆல்கா, ஆல்ஜீ; லார்வா, லார்வீ. இங்கேதான் என் கணக்கு பிசகியது. 'லார்வா'வில் 'ஆ' ஒருமை, 'பாக்டீரியா'வில் அதே 'ஆ' பன்மை! கிரேக்கத்திலிருந்து வந்த ஃபினாமினன், கிரைட்டீரியன் ஆகியவையும் பன்மையில் ஃபினாமினா, கிரைட்டீரியா என 'ஆ'வில் முடிகின்றன. ஹைபாதிசிஸ், ஹைபாதிசீஸ் என்பதில் வேறுபாடு ஈற்றசையில் மட்டுமே. எழுதும்போது கவனம் வேண்டும்.

'அஸ்' என்று கண்டதெல்லாம் 'ஐ' ஆகாது. ஜீனஸின் பன்மை ஜெனரா. வைரஸ் ஆங்கில முறைப்படி வைரஸஸ். 'ஆக்டோபஸ்' கிரேக்கச் சொல்லாதலால் 'ஆக்டோபை' என்பது லத்தீன் அறிந்தவராகக் காட்டிக்கொள்ளும் ஆசையில் பிறந்த வடிவம். 'ஆக்டோபஸஸ்' என்பதே எளிது.

ஆய்வகத்தில் தினமும் கேட்கும் இரண்டு சொற்களையும் சொல்லியாக வேண்டும். ஒரு சிற்றினத்தைக் குறிக்க 'ஸ்பீஷி' என்று சிலர் வாலை நறுக்குகிறார்கள். ஒன்றானாலும் பலவானாலும் 'ஸ்பீஷீஸ்'தான். நறுக்கிய வடிவத்துக்கு நாணயம் என்று பொருள். இடுக்கியை 'ஃபோர்செப்' என்று கேட்பதும் அவ்வாறே. 'ஃபோர்செப்ஸ்' என்பதன் 'எஸ்' பன்மை விகுதியன்று. சொல்லின் சொந்த உறுப்பு.

இதற்கு மாறாக, சொந்த 'எஸ்'ஸைப் பன்மை என்று ஆங்கிலேயரே தவறாக எண்ணியதும் உண்டு. பட்டாணிக்குப் பழைய ஒருமை 'பீஸ்'. கேட்கப் பன்மை போலிருந்ததால் வாலை வெட்டி 'பீ' என்று ஒருமை செய்துகொண்டார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த 'செர்ரி'யின் கதையும் இதுவே. அன்று அவர்களுக்கு மதிப்பெண் குறைக்க ஆளில்லை.

கடைசியாக 'டேட்டா'. 'டேட்டம்' என்பதன் பன்மையாதலால் 'டேட்டா ஆர்' என்பதே பழைய முறை. அறிவியல் கட்டுரைகளில் இன்றும் பலர் அவ்வாறே எழுதுகிறார்கள். கணினி பெருகிய பிறகு அது தண்ணீர் போல எண்ண முடியாத பெயராகி, 'டேட்டா இஸ்' என்பதும் ஏற்கப்பட்ட வழக்காகிவிட்டது. முன்னொரு காலத்தில் பன்மையாயிருந்த 'அஜெண்டா' இன்று முழு ஒருமையாகிவிட்டதைப் போல இதுவும் ஆகலாம். 'பாக்டீரியா' இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அடுத்த பருவத்திலும் செய்முறைத் தேர்வு உண்டு.